சன்னலடி வழும்பு

இரண்டு கண்ணாடிக் குப்பிகள் மேசைமேல் அருகருகே நின்றன. ஒன்றில் பெரியவர் காக்கும் வடக்குக் கூடத்துத் தண்ணீர். மற்றதில் சின்னவர் காக்கும் தெற்குக் கூடத்துத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் மருந்தை எட்டுச் சொட்டு விட்டுக் குலுக்கிப் பதினைந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். தண்ணீரில் அம்மோனியம் இல்லையென்றால் நிறம் மஞ்சளாகவே நிற்கும். இருந்தால் பச்சை ஏறும். மிகுந்துபோனால் பாசி மண்டிய குளம்போல இருண்டுவிடும். பத்தொன்பது ஆண்டுகளாகக் காலைதோறும் இதைச் செய்துவரும் பெரியவர், இந்த ஒரு மாதமாகத் தம் குப்பியைப் பார்ப்பதற்கு முன் மற்றவர் குப்பியைப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆளாகியிருந்தார்.

அன்றும் தெற்குக் கூடத்துக் குப்பி பழுத்த எலுமிச்சைபோல மஞ்சளாக நின்றது. வடக்குக் கூடத்துக் குப்பியில் பச்சை ஏறத் தொடங்கியிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்று குப்பியைச் சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது; பச்சையும் நன்றாகவே தெரிந்தது.

"என்ன பெரியவரே, இன்னிக்கும் உங்க குப்பிக்குப் பச்சைச் சட்டைதானா?" என்றார் வாளியோடு உள்ளே வந்த தீவனக்காரர். "சின்னவருது பாருங்க, புதுப்பொண்ணு மாதிரி பளபளன்னு நிக்குது!"

"தீவனம் போடறது உன் வேலை. போட்டது என்ன ஆகுதுங்கறது என் வேலை. உன் வேலையைப் பாரு."

"பாக்கறேன், பாக்கறேன். குப்பி மேல கோவத்தைக் காட்டிடாதீங்க, உடைஞ்சிடும்."

அது மீன்குஞ்சுப் பண்ணை. தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றித் திரும்பப் பயன்படுத்தும் இரண்டு நீண்ட கூடங்கள். ஒவ்வொன்றிலும் வட்டத் தொட்டிகள். மீன் உண்ணும், உண்டது செரித்துச் செவுள் வழியே அம்மோனியமாகத் தண்ணீரில் கசியும். தான் விடுவதே தனக்கு நஞ்சாகும்படி அமைந்த உயிர் அது. அந்த நஞ்சை உண்டு வாழ்வதற்கென்றே படைத்தவன் வேறோர் உயிரையும் படைத்து வைத்திருக்கிறான். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள், கூடத்தின் கோடியில் உள்ள வடிகட்டித் தொட்டியில் மிதக்கும் பிளாஸ்டிக் வளையங்களின்மேல் பழுப்பு நிற வழும்பாகப் படிந்து, வருகிற தண்ணீரின் அம்மோனியத்தை உண்டு தெளிவாக்கி அனுப்பும். ஊதியம் கேளாத அந்த ஊழியர்களுக்கு ஒரே ஒரு குறை உண்டு. தண்ணீர் எட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் சோம்பிச் சுருண்டு படுத்துவிடும். அதனால்தான் குளிர்காலம் முழுவதும் கொதிகலன் ஓடும். தண்ணீர் இதமாக இருக்கும். பெரியவரும் நிம்மதியாக இருப்பார்.

இந்த ஆண்டு குளிர் தொடங்கிய வாரத்திலேயே கொதிகலன் பிளந்துபோயிற்று. முதலாளியம்மா சொற்களை அளந்து செலவிடுபவர். இரண்டு கூடத்துக்காரர்களையும் அழைத்து நிற்கவைத்துச் சொன்னார்:

"புதுக் கொதிகலன் கோடையிலதான் வரும். ரெண்டு கூடத்தையும் குளிர்ல ஓட்ட முடியாது. மாசக் கடைசி நாள் காலையில நானே வந்து ரெண்டு தண்ணியையும் சோதிப்பேன். எது சுத்தமோ அங்க நாப்பதாயிரம் குஞ்சும் போகும். இன்னொண்ணை மூடிடலாம். மூடின கூடத்துக்காரர் மத்தவர்கிட்ட வேலை பாக்கட்டும். நடுவுல நீங்க பலகையில எழுதற எண்ணெல்லாம் எனக்கு வேண்டாம். அன்னிக்கு என் கண்ணு பாக்கறதுதான்."

கூடம் மூடப்படுவதைக்கூடப் பெரியவர் பொறுத்துக்கொண்டிருப்பார். "மத்தவர்கிட்ட வேலை பாக்கட்டும்" என்றதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. மற்றவர் வேறு யாராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர், பெரியவருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவர், சொந்தச் சகலை. பதினாறு மாதங்களுக்கு முன், "நம்ம தங்கச்சி வீட்டுக்காரர் படிச்சவர், வேலையில்லாம இருக்கார், ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனைவி தினமும் சாப்பாட்டு வேளையில் நச்சரித்ததால், முதலாளியம்மாவிடம் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதே பெரியவர்தான். அன்று தம் நாக்கு சுளுக்கிக்கொண்டிருக்கக் கூடாதா என்று இப்போது அடிக்கடி எண்ணிக்கொள்வார்.

பெரியவர், சின்னவர் என்ற பெயர்கள் பண்ணைக்கு வந்ததும் மாமனாரால்தான். அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது ஆண்டு ஒலிபெருக்கிக்குப் பழகிய தொண்டை, ஓய்வுக்குப் பிறகும் மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. ஒருநாள் பண்ணை வாயிலில் நின்றுகொண்டு "பெரிய மாப்பிள்ளை! சின்ன மாப்பிள்ளை!" என்று அவர் அழைத்த அழைப்பில் தொட்டியிலிருந்த மீன்களே ஒருபக்கமாக ஒதுங்கின என்று தீவனக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். அன்றுமுதல் பண்ணையில் எல்லார்க்கும் அவர் பெரியவர், இவர் சின்னவர்.

வார விடுமுறைதோறும் இரு மகள்களும் மருமகன்களும் மாமனார் வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். சென்ற வாரமும் கூடினார்கள்.

"சின்ன மாப்பிள்ளை குளிர் தாங்கற கிருமி வளக்கறாராமே!" என்று மாமனார் பரிமாறிக்கொண்டிருந்த மகளுக்கு அறிவித்தார், எதிர்வீட்டுக்கும் அது கேட்டிருக்கும். "அதுவும் எங்க? ஃப்ரிட்ஜுக்குள்ள! நாமெல்லாம் ஃப்ரிட்ஜுல வச்சா எதுவும் வளராதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். அவர் அதுக்குள்ளயே பயிர் பண்றார்!"

"அது பெரிய விஷயம் இல்ல மாமா," என்று சின்னவர் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"அடக்கத்தைப் பாருங்க! அஞ்சு டிகிரியில அம்மோனியாவை உக்காந்து சாப்பிடுதாம்!" என்றவர், ஒரு மருமகனை மட்டும் புகழ்ந்தால் முறையாகாது என்று நினைத்தோ என்னவோ, மற்றவர் பக்கம் திரும்பினார். "பெரிய மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்ல. தொட்டி கழுவறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது."

வாயில் வைத்த கவளம் பெரியவருக்குத் தொண்டையில் நின்றது. மைத்துனி தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். அவளும் சிரிப்பை அடக்குவதாக அவருக்குப் பட்டது. உண்மையில் அவள் அடக்கியது தும்மலாகவும் இருக்கலாம்.

வீடு திரும்பும்போது மனைவி சொன்னாள்: "எங்கப்பா பேசறதை மனசுல வச்சுக்காதீங்க."

"நான் எதையும் வச்சுக்கல."

"அப்புறம் ஏன் தெருவுல கிடக்கற கல்லையெல்லாம் உதைச்சுக்கிட்டு வர்றீங்க?"

அவர் அடுத்த கல்லைத் தாண்டிப் போனார், அதற்கடுத்ததை உதைத்தார்.

பொறாமை ஒரு விளக்கைப்போல. எவன்மேல் விழுகிறதோ அவனுடைய ஒவ்வொரு மயிர்க்காலையும் காட்டும். சின்னவரைப் பற்றி அவருடைய மனைவிக்குத் தெரியாததெல்லாம் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. காலணியில் எப்போதும் சேறு. இடது காதின் மேல் ஒரு பென்சில். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கும் பாட்டு. தெற்குக் கூடத்து வடிகட்டியை அவர் கழுவுவதே இல்லை. வழும்பு தடித்து, வளையங்கள் மண்ணுருண்டைகள்போல மிதக்கும். கிட்டே போனால் மழைக்குப் பிந்திய நிலத்தின் மணம் அடிக்கும். பெரியவரோ வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை தம் வளையங்களை அலசுபவர். தொட்டியின் சுவரில் விரலை வைத்தால் வழுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவ்வளவு அழுக்கில் இருப்பவனுடைய தண்ணீர் தெளிந்திருக்கிறது. இவ்வளவு தூய்மையில் இருக்கும் தம்முடையது பச்சையாகிறது. இது என்ன நீதி?

அந்த வாரம் அவர் செய்த வழிபாட்டிலும் இது புகுந்துகொண்டது. தெற்குக் கூடத்துத் தண்ணீர் கெட்டுப்போகட்டும் என்று வேண்ட நாக்குக் கூசியது. எனவே, வடக்குக் கூடத்துத் தண்ணீர் அதைவிடச் சற்றே நன்றாக இருக்கட்டும் என்று வேண்டினார். இரண்டும் ஒன்றே என்பது கேட்பவனுக்குத் தெரியாதா? தெரியும் என்பது இவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் விரைவாக வேண்டி முடித்து எழுந்துவிட்டார்.

மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார். ஊழியர் அறையில் ஒரு குளிர்ப்பெட்டி உண்டு. அதில் எல்லாருடைய சாப்பாட்டு டப்பாக்களுக்கும் பின்னால், "குடிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிய ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். சின்னவர் வளர்க்கும் பாக்டீரியா அதில்தான் இருந்தது. மங்கலான தேநீர்போன்ற நீர், அவ்வளவே. அந்தக் குடுவையில் பாதி தமக்கு வேண்டும்.

ஆனால் அதைக் கொண்டுவந்து எங்கே விடுவது? குளிரில் சுருண்டு கிடக்கும் பழைய வழும்பின்மேலா? வீட்டுக்குப் பெரிய இடத்து விருந்தினர் வருகிறார்கள் என்றால் பழைய பாயைச் சுருட்டி எறிந்து தரையைத் துடைப்பதில்லையா? பெரியவர் காலை தொடங்கி நண்பகல்வரை தம் வடிகட்டித் தொட்டி முழுவதையும் வடித்தார். வளையங்களைக் கூடை கூடையாக அள்ளி, மூன்று தண்ணீரில் அலசினார். சுவர்களைத் தூரிகையால் தேய்த்தார். சன்னலடி மூலையில் எத்தனை வெள்ளிக்கிழமை தேய்த்தாலும் போகாமல் படிந்திருந்த பழுப்பு வழும்பை, மண்டியிட்டு உட்கார்ந்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்தார். வேலை முடிந்தபோது வளையங்கள் கடையிலிருந்து வந்த நாள்போல வெளுத்திருந்தன. நண்பகலில் எல்லாரும் வெயில் தேடி முற்றத்துக்குப் போன நேரம் பார்த்துக் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். குடுவையில் பாதியை ஒரு தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிக்கொண்டு, குறைந்த அளவுக்குத் தொட்டித் தண்ணீரை நிரப்பி, பாலில் தண்ணீர் கலக்கும் ஆளைப்போல இருபுறமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அள்ளி வந்ததைத் தம் தொட்டியில் ஊற்றியபோது உள்ளம் குளிர்ந்தது. அது ஒரு முழ நீளத்துக்குக்கூட நிறம் காட்டாமல் கரைந்தது.

பத்தொன்பது ஆண்டு நீர் காத்தவருக்கு இது தெரியாதா? பெருநகரம் ஒன்றை ஒரே நாளில் காலிசெய்துவிட்டு, அதன் வேலையையெல்லாம் பார்க்க ஒரு வண்டி ஆட்களை அனுப்பினால் என்ன ஆகும் என்று வேறு யாராவது கேட்டிருந்தால் பெரியவரே விளக்கியிருப்பார். குளிரில் சோம்பிக் கிடந்தாலும் அந்தப் பழைய வழும்பு கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. புதியவை பெருகி வளையங்களை மூட வாரக்கணக்கில் ஆகும். இந்த அறிவெல்லாம் அவருக்குள் இருந்தது. பொறாமை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் குப்பி புல்லின் நிறம். அதற்கு மறுநாள் இலையின் நிறம். மூன்றாம் நாள் வார விடுமுறை. மனைவியை மாமனார் வீட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டு, தொட்டியை ஒரு நடை பார்த்து வருவதாகச் சொல்லிப் பண்ணைக்கு வந்தார். மருந்து விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, குப்பி இருண்டது. ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில் அந்த நிறத்துக்கு நேரே நான்கு என்றிருந்தது. நல்ல நாளில் அது அரையைத் தாண்டாது.

தொட்டிகளைப் பார்த்தார். தாய்மீன்கள் அடியில் இல்லை. எல்லாம் மேலே வந்து, தண்ணீர் விழும் குழாயடியில் நெருக்கியடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறு ஆண்டுகளாக அவர் கையால் வளர்ந்த பெட்டை ஒன்று, முதுகில் வெள்ளைத் தழும்பு உள்ளது, பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்து மீண்டும் சாய்ந்தது. சேமிப்புத் தொட்டியில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டார். அது மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வந்தது. அவருக்கு இன்னும் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி மாமனார் வீட்டுச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"பெரிய மாப்பிள்ளை வந்துட்டார்!" என்று மாமனார் அறிவித்தார். "தட்டு வைம்மா!"

"தம்பி, கொஞ்சம் வெளியில வாங்க," என்றார் பெரியவர் வாசற்படியிலேயே நின்று.

"வெளியில எதுக்கு? குளிர் கொல்லுது. இங்கயே சொல்லுங்க, யாரு இருக்கா, நம்ம ஆளுங்கதானே!"

மனைவி கணவனின் முகத்தைப் பார்த்தாள். ஈரச் சட்டையைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"என் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது," என்றார் பெரியவர். அடுத்த வாக்கியம் வெளிவர நேரமாயிற்று. "உங்க கிருமி வேணும் தம்பி."

முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக அறிவிப்பாளரின் தொண்டை அடைத்தது. சின்னவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவக்கூட நிற்காமல், துண்டில் துடைத்தபடியே காலணியைத் தேடினார்.

"வாங்க அண்ணே, போகலாம்."

தெற்குக் கூடத்தில் சின்னவர் வலையை எடுத்து வழும்பேறிய வளையங்களை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டார். முதல் சாக்கு நிறைந்தது, இரண்டாவதும் நிறைந்தது, தொட்டியில் மிஞ்சியது ஒரு சாக்களவு.

"போதும் தம்பி. பாதிப் பாதி வச்சுக்கலாம்."

"ரெண்டு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு எனக்கு."

"மாசக் கடைசிக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. உங்க தண்ணி கெட்டுப்போயிடும்."

"மூச்சு முட்டறது உங்க மீனுக்குத்தானே அண்ணே. என்னுது நல்லாத்தானே நீந்திக்கிட்டிருக்கு. சாக்கைப் பிடிங்க, காயக் கூடாது."

அந்த 'அண்ணே' பெரியவர் காதில் ஈயமாக விழுந்தது. சாக்கைப் பிடித்தார்.

வடக்குக் கூடத்து வடிகட்டித் தொட்டியின் முன் வந்ததும் சின்னவர் நின்றுவிட்டார். வெள்ளை வெளேரென்று மிதந்த வளையங்களைப் பார்த்தார். பிறகு சன்னலடி மூலைக்குப் போய்க் குந்தி, தொட்டிச் சுவரை ஒரு விரலால் தடவி, அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"இங்க இருந்ததையும் கழுவிட்டீங்களா அண்ணே?"

"அழுக்கு தம்பி அது. பத்தொன்பது வருஷமா எனக்குத் தண்ணி காட்டின அழுக்கு."

"நான் வளத்தது அதைத்தான்."

பெரியவருக்கு விளங்கவில்லை. சின்னவர் சாக்கைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தச் சன்னல் சரியா மூடாது, கவனிச்சிருப்பீங்க. குளிர்காத்து நேரா இந்த மூலையிலதான் அடிக்குது. கொதிகலன் ஓடினாலும் இங்க மட்டும் தண்ணி சில்லுன்னுதான் இருக்கும். அந்தச் சில்லுலயும் ஒண்ணு வளருதுன்னா, அது குளிருக்குப் பயப்படாத ரகம். வேலைக்கு வந்த முதல் வாரமே ஒரு ஸ்பூன் சுரண்டி எடுத்தேன். அதைக் குளிர்ப்பெட்டியிலயே வச்சு, குளிர்ல பிழைக்கறதை மட்டும் பிரிச்சுப் பிரிச்சு வளத்தேன். உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானே எடுத்தேன்?"

கேட்டார்தான். பெரியவருக்கு நினைவு வந்தது. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "தாராளமா எடுத்துக்கோங்க, வெள்ளிக்கிழமை எப்படியும் தேய்க்கத்தான் போறேன்" என்று சொல்லியிருந்தார்.

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"மாமாகிட்டச் சொன்னேன். அவருக்கு ஃப்ரிட்ஜ் கதைதான் பிடிச்சிருந்தது." சின்னவர் இரண்டாம் சாக்கையும் கவிழ்த்து, வெறும் சாக்கை உதறினார். கண்ணை வளையங்களைவிட்டு எடுக்காமலே மேலும் சொன்னார்: "இன்னொண்ணு அண்ணே. குடுவையில இருக்கறதை அப்படியே தொட்டியில ஊத்தினா பத்தாது. வளையத்தோடதான் மாத்தணும்."

பெரியவர் காது மடல் இரண்டும் கொதித்தன. திருடியது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மூன்று நாளாக 'அண்ணே' என்று அழைத்துக்கொண்டிருந்திருக்கிறான்!

நன்றி என்னும் உணர்ச்சி அப்போது எழுந்திருக்க வேண்டும். எழுந்தது பொறாமைதான், அதுவும் முன்னைவிட இரு மடங்கு உயரமாக. முன்பு அவனிடம் இருந்த பொருளைக் கண்டு வயிறு எரிந்தது. இப்போது, தம் தொட்டியில் தம் கண்முன் கிடந்ததை அவன் கண் கண்டதே என்று அந்தக் கண்ணின்மேல் எரிந்தது.

ஐந்து நாளும் பெரியவர் மீனுக்குத் தீவனம் போட விடவில்லை. உண்ணாத மீன் நஞ்சு விடாது; வந்த வழும்பு இருந்ததை உண்டது. நான்கு மூன்றாயிற்று; மூன்று இரண்டாயிற்று; மீன்கள் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கின. தழும்பு முதுகுப் பெட்டை கடைசியாக இறங்கியது. தெற்குக் கூடத்துக் குப்பியில் அதே நேரம் மெல்லிய பச்சை தலைகாட்டியது. சின்னவர் தம் மீன்களைப் பட்டினி போடவில்லை; குஞ்சு பொரிக்கும் பருவத்தில் தாய்மீனைப் பட்டினி போட மனம் வரவில்லை என்றார். காலைதோறும் இரண்டு குப்பிகளையும் அருகருகே வைத்தபோது பெரியவர் மனம் ஊசல்போல ஆடியது: தம்முடையது மஞ்சளாவதில் ஒரு மகிழ்ச்சி; மற்றது பச்சையாவதில் அதைவிடச் சற்றே கூடுதலான மகிழ்ச்சி; அதை உணர்ந்ததும் ஒரு கூச்சம்.

மாதக் கடைசி நாள் முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாமே சொட்டு விட்டு, தாமே குலுக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் பேசாமல் நின்றார். வடக்குக் கூடத்துக் குப்பி மஞ்சள். தெற்குக் கூடத்துக் குப்பி இளம்பச்சை. அட்டையோடு ஒப்பிட்டு இரண்டு முறை பார்த்தார்.

"வடக்குக் கூடம்தான். நாளைக்குக் குஞ்சை மாத்திடுங்க."

"ரொம்பச் சந்தோஷம் அண்ணே," என்று சின்னவர் கையை நீட்டினார்.

பெரியவர் அந்த முகத்தைத் துருவிப் பார்த்தார். ஒரு சுளிப்பு, ஒரு கசப்பு, பல்லைக் கடித்த அடையாளம், ஏதாவது ஒன்று அங்கே இருந்திருந்தால் போதும். அவர் அந்தக் கூடத்தை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுவதும் அமைதியாக இருந்திருப்பார். எங்கும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் பொறுக்கவே முடியாமல் போயிற்று. அறிவில் இவனிடம் தோற்றாயிற்று. கண்ணில் தோற்றாயிற்று. இப்போது கொடைக்குணத்திலும் இவனே மேலாக நின்று, இவன் போட்ட பிச்சையில் நான் தலைமை தாங்குவதா?

"அம்மா," என்றார். "இது என் தண்ணி இல்ல."

பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார்: குடுவையில் திருடியது, தொட்டியைக் கழுவியது, மீன் மூச்சு முட்டியது, இரண்டு பங்கு வளையம் தெற்கிலிருந்து வந்தது, அந்த வழும்பைக் கண்டுபிடித்ததும் சின்னவர்தான் என்பது. சன்னலடி மூலை தம்முடையது என்பதை மட்டும் சொல்ல வாய் துடித்தது, அதையும் விழுங்கிவிட்டார். கொடுப்பதென்றால் முழுவதும் கொடுத்து அவனை மிஞ்ச வேண்டும்.

"அண்ணே, எதுக்கு இப்ப..." என்றார் சின்னவர்.

"நீங்க சும்மா இருங்க தம்பி."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சொல்றீங்க? சொல்லாட்டி யாருக்கும் தெரியாதே."

"மனசு கேக்கலம்மா." அது பொய்யில்லை. எந்த மனசு, எதைக் கேட்டது என்பதை அவர் விளக்கவில்லை.

"சரி. வளையமெல்லாம் தெற்குக்கே போகட்டும். குஞ்சும் அங்கதான். வடக்கை மூடிடுங்க. பெரியவர் சின்னவர்கிட்ட வேலை பாப்பார்." கதவுவரை போனவர் திரும்பினார். "அந்தக் கூடத்துல எதையாவது கழுவணும்னா மட்டும் அவரைக் கேட்டுட்டுக் கழுவுங்க."

தீவனக்காரர் வாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வார விடுமுறையில் மாமனார் வீட்டில் வழக்கம்போல எல்லாரும் கூடினார்கள். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. மாமனார் உட்காரவில்லை, நின்றுகொண்டே, சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தம் பழைய தொழில் குரலை எடுத்தார்.

"கையில வந்து விழுந்ததை, இது என்னுது இல்லன்னு திருப்பிக் குடுத்தவர் எங்க பெரிய மாப்பிள்ளை! யாராவது குடுப்பாங்களா? இந்தக் காலத்துல? இந்தக் குளிர்ல?"

"அப்பா, மெதுவா," என்றாள் சின்ன மகள்.

"எதுக்கு மெதுவா? நாலு பேர் கேக்கட்டும்! தங்கம் இவர், தங்கம்!"

சின்னவர் கவளத்தைப் பாதியில் நிறுத்தினார். "நானும்தான் ரெண்டு பங்கு குடுத்தேன் மாமா," என்று சொல்லிச் சிரித்தார். சொல் முதலில் வந்தது. சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்து சேர்ந்தது.

"குடுத்தீங்க, குடுத்தீங்க, யார் இல்லன்னா? ஆனா உங்களுக்கு அது பழக்கம். இவர் குடுத்தது மாதிரி வருமா?"

சின்னவர் கண் தட்டுக்குத் தாழ்வதற்கு முன் ஒருமுறை பெரியவர் பக்கம் வந்து போனது. அந்தப் பார்வையைப் பெரியவர் அறிவார். ஒரு மாதமாக முகம் மழிக்கும்போதெல்லாம் கண்ணாடியில் கண்டது அதைத்தான். நாணமுள்ளவன் என்றால் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் திருப்பவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பவன்போல அந்தத் தாழ்ந்த தலையை, காதின் மேலிருந்த பென்சிலை, மெல்லாமல் நின்ற தாடையை, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

மேசைக்கடியில் மனைவியின் கால் அவர் காலை மிதித்தது.

"என்னங்க," என்றாள் மெல்ல. "தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க."